முடிவெடுத்த மூன்று பேர்

தான் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அக்காவுக்கும் வந்தது.

அலுவலகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த காவலாளியும் ஏசி மெக்கானிக்கும்கூட. பல நாடுகளில் கிளை பரப்பிய பெரிய தொழில்நுட்ப நிறுவனம் அது. வெளி நிறுவனங்களின் சர்வர்களைத் தன் கூடத்தில் வைத்து இரவும் பகலும் பராமரிக்கும் பிரிவில், அக்கா இரவு ஷிஃப்டுக்குத் தலைவி. பழைய மேனேஜர் பூங்கொத்தும் கைகுலுக்கலுமாக வேறு கம்பெனிக்குப் போனபோது, "ஆள் போடுற வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று அவர் வேலையையும் இவள் தலையில் கட்டினார்கள். பொறுப்பு மேனேஜர் என்று அதற்கு ஒரு பெயர். மேனேஜர்களின் கூட்டமெல்லாம் பகலில் நடக்கும். இவள் ஷிஃப்டு இரவில். அதனால் இரவு முழுவதும் சர்வர்களைப் பார்த்துவிட்டு, காலையில் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்து, கண் சொருகச் சொருகத் தலையாட்டிவிட்டு, மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்குக் கிளம்புவாள்.

வீட்டில் அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். விடிவதற்கு முன்பே டிப்போவுக்குப் போக வேண்டியவன். மகள் பள்ளிக்கூடத்தில். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று பதில் சொல்வார்கள். பள்ளியில் ஆசிரியை ஒரு நாள் "உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டதற்கு மகள், "தூங்குவாங்க மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. மகளும் அதைச் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பகல் ஷிஃப்டு கேட்டு அவள் மனுப் போடாமல் இல்லை. "பொறுப்புல இருக்கும்போது ஷிஃப்டு மாத்தக் கூடாது. புது மேனேஜர் வந்து முடிவு பண்ணுவார்" என்று பதில் வந்தது. புது மேனேஜர் எப்போது வருவார் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் அந்த வேலைக்கு விளம்பரம் வந்தது. உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாமாம். அதைப் படித்தபோது அவளுக்கு வந்த ஒரே ஆசை பகல் வேலை. பதவி, தனி அறை, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் யாருக்கு வேண்டும்? மேனேஜர் ஆனால் ராத்திரி வீட்டில் படுக்கலாம்.

விண்ணப்பம் போட்டாள். அவள் குழுவில் இருந்த இரண்டு பேரும் போட்டார்கள். ஒருவன் நெட்டையன், கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் ஒரு ஷிஃப்டும் முடித்ததில்லை. இன்னொருத்தி கண்ணாடி, கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது.

"சும்மா அனுபவத்துக்குத்தான்க்கா" என்றான் நெட்டையன்.

"எங்களுக்கா கிடைக்கப் போகுது? உங்களுக்குத்தான்னு ஊருக்கே தெரியும்" என்றாள் கண்ணாடி.

அக்காவும் நம்பினாள். அவர்கள் நேர்காணலுக்குப் போக வசதியாக ஷிஃப்டையும் மாற்றிக் கொடுத்தாள்.

அவளைத் தயார்படுத்த வந்தது நாத்தனார். வங்கி ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா தூங்க வேண்டிய நேரத்தில், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. நேர்காணல்ல வேலையைப் பத்திக் கேக்க மாட்டாங்க. கதை கேப்பாங்க. ஒவ்வொரு கதைக்கும் நாலு கட்டம். நிலைமை என்ன, உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, விளைவு என்ன. நாலும் வரலைன்னா மார்க் கிடையாது."

"நான் சர்வர் பார்க்கிறவ. கதை சொல்றவ இல்லை."

"மேனேஜர்னாலே கதைதான் அண்ணி. சரி, சொல்லுங்க. பெரிய பிரச்சினை ஒண்ணு வந்து நீங்க சமாளிச்சிருக்கீங்களா?"

"தினமும்தான் சமாளிக்கிறேன்."

"தினமும் வேணாம். பெருசா ஒண்ணு. தீப்பிடிச்ச மாதிரி."

"தீப்பிடிக்காமப் பார்த்துக்கத்தானே எனக்குச் சம்பளம்?"

"ஐயோ அண்ணி! இதை அங்க போய் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க." நாத்தனார் தலையில் கைவைத்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் உள்ளேயிருந்து, "ஏசி நின்ன கதையைச் சொல்லேன்" என்று குரல் கொடுத்தான்.

அது நல்ல கதைதான். போன கோடையில் ஓர் இரவு சர்வர் கூடத்தின் இரண்டு ஏசி இயந்திரங்களும் அடுத்தடுத்துப் படுத்துவிட்டன. கூடம் அடுப்பாகிக்கொண்டிருந்தது. சிலவற்றை அணைத்தால்தான் மற்றவை பிழைக்கும். மேனேஜரைக் கேட்காமல் எதையும் அணைக்கக் கூடாது என்பது விதி. மேனேஜரோ போனை எடுக்கவில்லை. அக்கா வெளி நிறுவனங்களின் சர்வர்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சொந்தக் கம்பெனியின் சர்வர்களை அணைக்கச் சொன்னாள். வருகைப்பதிவு, பயிற்சி வீடியோக்கள், பெரிய அதிகாரிகளின் மெயில், எல்லாம் போயின. சூடு இறங்கியது. மெக்கானிக் வந்து சேரும் வரை கூடம் தாங்கியது. காலையில் காசு கொடுக்கிற வாடிக்கையாளர் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதிகாரிகளுக்குத்தான் தெரிந்தது. மெயில் திரும்பி வந்ததும் வந்த முதல் மெயிலே அவளைத் திட்டி வந்ததுதான்.

நாத்தனார் துள்ளிக் குதித்தாள். "அண்ணி, இது தங்கம்! இதை வெச்சுக்கிட்டா தீப்பிடிக்கலைங்கிறீங்க? எழுதுங்க, நாலு கட்டம்!"

மகள் முன்னால் உட்கார்ந்து கேட்க, கணவன் துண்டைத் தோளில் போட்டபடி நேர்காணல் பேனல் அதிகாரியாக நடிக்க, அக்கா அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்காவது கட்டம் வரும்போது கணவன் கொட்டாவி விட்டான். "நிஜ அதிகாரியும் இப்படித்தான் பண்ணுவான், பழகிக்கோ" என்றான்.

முதல் இரண்டு ரவுண்டுகள் எப்படியோ போயின. ஒன்றில், வேலையிலிருந்து நீக்கப்படும் ஊழியரிடம் அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று நடித்துக் காட்ட வேண்டும். நேர்காணல் செய்ய வந்த ஆளே நீக்கப்படும் ஊழியராக நடித்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை சரியாக வரவில்லை. விரலிடுக்கு வழியாக இவளைப் பார்த்துவிட்டு மறுபடி அழுதார். அக்கா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். 'அனுதாபம் நன்று' என்று அவர் அழுதுகொண்டே லேப்டாப்பில் தட்டியது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. இரண்டாவது ரவுண்டில் ஒரு இளைஞன், பத்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டான். "கட்டில்ல" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "தலைமைப் பொறுப்புல" என்றாள்.

மூன்றாவதுதான் கடைசி. கண்ணாடிச் சுவர் போட்ட அறை. மேசைக்கு அந்தப் பக்கம் வேறு துறையிலிருந்து வந்த நரைத்தாடிக்காரர், பக்கத்தில் ஹெச்.ஆர். பெண்மணி. சுவரில் இருந்த திரையில் வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஒருவர். அவர் கேமராவை எப்படி வைத்திருந்தாரோ, நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அந்த நெற்றி கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வப்போது சுருங்கியது.

இரவு ஷிஃப்டு முடித்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள் அக்கா. வெளியே வராந்தாவில் யாரோ பிரிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நெருக்கடியான நேரத்துல, மேலிடத்து அனுமதி இல்லாம, நீங்களே ஒரு முடிவு எடுத்த அனுபவம் ஏதாவது சொல்லுங்க" என்றார் நரைத்தாடி.

இதற்காகத்தானே காத்திருந்தாள்! நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போன கோடையில சர்வர் கூடத்துல ரெண்டு ஏசியும்..."

நரைத்தாடியின் பேனா நின்றது. அவர் ஹெச்.ஆர். பெண்மணியைப் பார்த்தார். பெண்மணி மேசையைப் பார்த்தாள். திரையில் நெற்றி சுருங்கியது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. சொல்லுங்க."

அக்கா சொன்னாள். நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு. நாத்தனார் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள். ஆனால் எதிரில் இருந்த முகங்கள், பார்த்த படத்தையே மறுபடியும் பார்க்க வைக்கப்பட்டவர்களின் முகங்களாக இருந்தன. முடித்ததும் நரைத்தாடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுல உங்க பங்கு என்னன்னு சொல்ல முடியுமா?"

"முடிவு எடுத்தது நான்தாங்க."

"அந்த முடிவைத் தான் எடுத்ததாச் சொன்ன மூணாவது ஆள் நீங்க."

அக்காவுக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

நெட்டையனுக்கும் கண்ணாடிக்கும் அந்தக் கதையைக் கற்றுக் கொடுத்தது அவள்தான். வருடா வருடம் பதவி உயர்வுக்கு இந்த நிறுவனத்தில் நேர்காணல் உண்டு. போன முறை நெட்டையனும் கண்ணாடியும் வாயைத் திறக்காமல் வந்து தோற்றுப் போனதைப் பார்த்து, அவள்தான் இருவரையும் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தாள். சொல்ல எங்களிடம் கதையே இல்லையே என்று இருவரும் கையைப் பிசைந்தார்கள். "மாதிரிக்கு இந்த ஏசி கதையை எடுத்துக்கங்க. நீங்களே செஞ்ச மாதிரி சொல்லிப் பாருங்க. இப்படித்தான் பேசிப் பழகணும்" என்று இவளேதான் வாயால் சொன்னாள். அணைத்த சர்வர்களின் எண்ணிக்கையைக்கூட இவள்தான் எடுத்துக் கொடுத்தாள். எண்ணிக்கை சொன்னால்தான் நம்புவார்கள் என்றும் சொன்னாள்.

"அவங்க ரெண்டு பேரும் என் டீம்தான். நான்தான் அவங்களுக்குப் பயிற்சிக்கு இதைக் கொடுத்தேன்" என்றாள்.

"கதையையா?" என்றாள் பெண்மணி.

"நடந்ததை."

"ஓ."

அந்த 'ஓ'வில் இருந்ததைக் கேட்டதும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுல சந்தேகம் என்னங்க? அன்னைக்கு ராத்திரி வந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்க. காவலாளியைக் கேளுங்க. என்னைத் திட்டி மெயில் போட்ட அதிகாரி மூணாவது மாடியிலதான் இருக்கார். ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

நரைத்தாடி சங்கடமாகச் சிரித்தார். "நேர்காணலுக்கு வெளியில கிடைக்கிற தகவலை நாங்க எடுத்துக்கக் கூடாது. பாரபட்சம் வந்துடும்."

"உண்மை தெரிஞ்சா பாரபட்சமா?"

"விதி அப்படிங்க. இந்த அறையில சொல்றதை மட்டும்தான் மதிப்பிடலாம். சொல்லப்போனா..." அவர் தன் லேப்டாப்பைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடி சொன்னவங்க ஒருத்தர் எண்ணிக்கையோட தெளிவா சொன்னாங்க. நீங்க எண்ணிக்கை எதுவும் சொல்லலையே?"

எண்ணிக்கையை அக்கா மறந்தே போயிருந்தாள். அவளுக்கு எதற்கு அது? அங்கே நின்றவள் அவள்.

"வேற ஒரு அனுபவம் சொல்லுங்களேன். அனுமதி இல்லாம முடிவெடுத்தது" என்றாள் பெண்மணி, குழந்தைக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கிற குரலில்.

"வேற எதுவும் நடக்கலை."

"இத்தனை வருஷத்துல?"

"நடக்க விடலை. எது சூடாகுது, எது திணறுதுன்னு முன்னாடியே பார்த்து மாத்திடுவோம். ஏசியும் அப்படித்தான். மாத்தணும்னு நான் எழுதிக் கேட்டதைப் பழைய மேனேஜர் கிடப்புல போட்டார். அதனாலதான் நின்னுச்சு."

நரைத்தாடி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உண்மையாகவே வருத்தப்பட்டார். "நடக்காததுக்கு எப்படிங்க மார்க் போடுறது?"

திரையில் நெற்றி சுருங்கியது. வெளியே பிரிண்டர் ஆசாமி பிரிண்டரை ஓங்கி ஒன்று வைத்தான். தானும் எதையாவது ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று அக்காவுக்குத் தோன்றியது.

பெண்மணி அடுத்த கேள்விக்குப் போனாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி; திரையைப் பார்த்து, கிளிப்பிள்ளை மாதிரி படித்தாள். "உங்கள் குழு உறுப்பினர் ஒருவர் உங்கள் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டால், அதை எப்படிக் கையாள்வீர்கள்?"

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவளுக்கே உறைத்தது. முகம் சிவந்தது. அடுத்த கேள்விக்குத் தாவப் பார்த்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருங்க. இதுக்குப் பதில் இருக்கு. நிலைமை: நான் இங்க உக்காந்திருக்கேன், எனக்கு முன்னாடி என் டீம் ஆளுங்க ரெண்டு பேர் என் வேலையைச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. பொறுப்பு: இன்னைக்கு ராத்திரி அதே ரெண்டு பேரை வெச்சு நான் ஷிஃப்டு ஓட்டணும், ஏன்னா வேற ஆள் கிடையாது. செயல்: இன்னும் ஒண்ணும் செய்யலை, இங்க மாட்டிக்கிட்டிருக்கேன். விளைவு: அதை நீங்கதான் சொல்லணும்."

பெண்மணி மறுபடியும் மேசையைப் பார்த்தாள். நரைத்தாடி மட்டும் மெல்ல, "நாலு கட்டமும் வந்துடுச்சு" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்ச் சண்டை போட நினைத்து, சண்டைக்கு வேறு ஆட்கள் இருப்பது நினைவுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஷிஃப்டு தொடங்கும்போது இருவரையும் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே நெட்டையனுக்குத் தெரிந்துவிட்டது. பின்வாங்கியதில் அலமாரியில் தலையை இடித்துக்கொண்டான்.

"ஏசியை யாருடா சமாளிச்சது?"

"நீங்கதான்க்கா."

"பேனல்ல யாருன்னு சொன்ன?"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். "அக்கா, சத்தியமா வேணும்னு சொல்லலை. வேற ஏதோ சொல்லத்தான் போனேன். அவங்க கேட்டதும் வாய் தானா ஓடிடுச்சு. சொல்லிச் சொல்லி எனக்கே நான்தான் செஞ்சேனோன்னு ஆகிப்போச்சுக்கா."

"அப்ப நான் எங்கடா இருந்தேன்?"

"நீங்க... லீவுக்கா."

அக்கா கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். "உன் கதையில?"

கண்ணாடி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருப்பது யாரென்று தெரியாமல் பேசுவது வசதி போலிருக்கிறது. "என் கதையில நீங்க இருந்தீங்கக்கா. லீவெல்லாம் கொடுக்கலை."

"இருந்து என்ன பண்ணேன்?"

"பதறிப் போயிட்டீங்க. கை நடுங்குச்சு. நான்தான் உங்களை உக்கார வெச்சு, தண்ணி கொடுத்து... சக ஊழியருக்கு எப்படித் தைரியம் கொடுத்தீங்கன்னு ஒரு கேள்வி வந்துச்சுக்கா. அதுக்கும் சேர்த்து ஆகட்டும்னு..."

"அடிப்பாவி!"

"நீங்கதானேக்கா சொன்னீங்க, நீயே செஞ்ச மாதிரி சொல்லுன்னு."

"பயிற்சிக்குடி! பயிற்சிக்குச் சொன்னேன்!"

"நிஜத்துக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு நீங்க சொல்லித் தரலையேக்கா" என்று நெட்டையன் அழமாட்டாத குறையாகச் சொன்னான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. இரண்டு பேரும் திருடவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். திட்டி முடித்து எல்லோரும் அவரவர் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கூடத்தின் நான்காவது வரிசையில் ஒரு சர்வர் திணறியது. வழக்கம்போல மூன்று பேரும் சேர்ந்துதான் அதை மாற்றினார்கள்.

முடிவு அடுத்த வாரம் வந்தது. மத்தியானம், நல்ல தூக்கத்தில், ஹெச்.ஆர். பெண்மணியின் போன்.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மதிப்பெண்ங்க. அனுதாபத்துல நீங்கதான் முதல். ஆனா தனித்துவம்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல கொஞ்சம் குறைஞ்சு போச்சு. ஏற்கெனவே கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு பேனல்ல கருத்து."

அக்கா படுத்தபடியே கூரையைப் பார்த்தாள். "யாரை எடுத்திருக்கீங்க?"

"உங்க டீம்லேருந்தேதான். கண்ணாடி போட்ட பொண்ணு. நீங்க பெருமைப்படணும். ஆளுங்களை வளர்க்கிற டீம்னு பேனல்ல உங்களைப் பத்தி ரொம்ப உயர்வாப் பேசினாங்க."

"அந்தப் பிரிவுக்கு மார்க் உண்டா?"

"எந்தப் பிரிவு?"

"ஆளுங்களை வளர்க்கிறது."

"அது... இந்த முறை இல்லைங்க."

கணவன் டிப்போவிலிருந்து வந்ததும் சொன்னாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டான். "அந்தப் பொண்ணு கதையில உனக்குக் கை நடுங்குச்சா? உனக்கா?" என்றான். வாசல் கதவு அதிரச் சிரித்தான். அவள் முறைத்ததும் சிரிப்பை நிறுத்தினான். "சரி. இனிமே என்ன பண்ணப் போறே?"

"தெரியலை."

"அந்த வேலை உனக்கு எதுக்குன்னு போனே?"

"பகலுக்கு."

"அதைப் போய் அவகிட்டயே கேளு. கொடுக்க வேண்டியவ இப்ப அவதானே?"

அக்கா எழுந்து முகம் கழுவப் போனாள். ஆனால் அன்று மாலை வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனாள். கண்ணாடி மேனேஜர் ஆனால் இவள் இனிப் பொறுப்பு மேனேஜர் இல்லை. பொறுப்பு இல்லை என்றால் ஷிஃப்டு மாற்றத் தடையும் இல்லை. புது மேனேஜர் முடிவு செய்வார் என்றுதானே சொன்னார்கள்? புது மேனேஜர் வந்தாயிற்று.

கண்ணாடி பதவியேற்ற முதல் காலை, இரவு ஷிஃப்டு முடிந்த கையோடு அக்கா அவள் அறைக்குப் போனாள். நெட்டையனையும் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸில் பாதி சீட்டு கிடைத்தவள் மாதிரி. அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"உக்காரு. எந்திரிக்காதே. அதெல்லாம் இனிமே கூடாது."

"அக்கா, நான் வேணாம்னு எழுதிக் கொடுத்துடவா? ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே..."

"எழுதிக் கொடுத்தா எனக்குத் தருவாங்களா? மறுபடி விளம்பரம் போடுவாங்க. மறுபடி நாலு கட்டம். என்னால முடியாது." அக்கா எதிர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு வேண்டியது ஒண்ணுதான். பகல் ஷிஃப்டு. மனு ஏற்கெனவே சிஸ்டத்துல இருக்கு. ஒப்புதல் கொடு."

கண்ணாடியின் முகம் மாறியது. இவ்வளவு நேரம் இருந்த பெண் போய், நாற்காலி பேச ஆரம்பித்தது. "கண்டிப்பாக்கா. கொஞ்சம் டைம் கொடுங்க. ஒரு மாசம். நான் செட்டிலாகணும், ராத்திரிக்கு ஆள் ஏற்பாடு பண்ணணும்..."

"ஆள் போடுற வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கங்கன்னு சொல்லப் போறே."

"அப்படி இல்லைக்கா..."

"அதேதான். இதை இதுக்கு முன்னாடி எனக்கு ஒருத்தர் சொல்லிட்டார். இன்னைக்கு ஒப்புதல் வரலைன்னா, ராத்திரி நான் வர மாட்டேன். நாளைக்கும் வர மாட்டேன். கோபத்துல சொல்லலை. களைச்சுப் போய்ச் சொல்றேன்."

அவள் களைத்துப் போயிருந்தது முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் கண்ணாடிக்குப் பயம் வந்தது. அக்கா கத்தினால் சமாளித்துக்கொள்ளலாம், கத்தாமல் உட்கார்ந்திருக்கிறாளே.

"சரிக்கா, தர்றேன். ஆனா நீங்க பகலுக்கு வந்துட்டா ராத்திரிக்கு யாருக்கா தலைமை?"

அக்கா கட்டைவிரலைப் பின்னால் காட்டினாள். கதவருகில் குனிந்து நின்றிருந்த நெட்டையன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"நானா? அக்கா, எனக்கு என்ன தெரியும்? ஏதாவது நின்னு போச்சுன்னா?"

"அன்னைக்கு ரெண்டு ஏசியும் நின்னப்போ நீ ஒத்தை ஆளாச் சமாளிக்கலை? எனக்குக்கூட லீவு கொடுத்துட்டு?"

"அக்கா, அது பேனலுக்குச் சொன்னது!"

"பேனல் எழுதி வெச்சிருக்கு. நெருக்கடியில தானே முடிவெடுக்கக்கூடிய ஆள்னு. அதை நாம எப்படி இல்லைன்னு சொல்றது? மேனேஜரம்மா, உங்களுக்கு இதுல ஏதாவது ஆட்சேபணை உண்டா? இருந்தா, அன்னைக்கு அவன் எடுத்த முடிவை நிஜமா யார் எடுத்தாங்கன்னு நாம மேல போய்ப் பேச வேண்டியிருக்கும்."

கண்ணாடிக்கு ஆட்சேபணை இல்லை. இருந்திருந்தாலும் சொல்ல வழியில்லை. அவள் லேப்டாப்பை இழுத்து, எங்கே அமுக்க வேண்டும் என்று தேடினாள். புது வேலை, அவளுக்கு இடம் தெரியவில்லை. அக்கா எழுந்து போய் அவள் தோளுக்கு மேலே குனிந்து, "மேல, வலது பக்கம். அது இல்லை, அதுக்குப் பக்கத்துல" என்று காட்டிக் கொடுத்தாள். ஒப்புதல் போயிற்று. அக்காவின் பையில் கிடந்த போன் ஒரு முறை அதிர்ந்தது.

அவள் கிளம்பினாள். நெட்டையன் வராந்தா வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தான். "ஏசி, வாசல் கேட், சாவியெல்லாம் தெரியும்க்கா. ஆனா பெருசா ஏதாவது வந்தா, ராத்திரியில உங்களுக்கு ஒரு போன் பண்ணலாமாக்கா?"

"தாராளமாப் பண்ணு."

அவன் முகத்தில் உயிர் வந்தது.

"எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா லிஃப்டுக்குள் போனாள்.